இணைப்புச் சொல்லா, எச்சமா, சொல்லெடுப்பா? கட்டுரையில் கருத்தைத் தொடுக்கும் மூன்று வழிகள்

திருவாரூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து மாலையில் என்னிடம் படிக்க வரும் மேல்நிலை மாணவர்கள் காவிரியைப் பற்றிக் கட்டுரை எழுதினால், மூன்றாம் வரிக்குள் ‘மேலும்’ வந்துவிடும். அதற்கடுத்த வரியில் ‘எனவே’ வரும். கருத்துகளைத் தொடுக்க இணைப்புச் சொற்களை விட்டால் வேறு வழியில்லை என்று அவர்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் ‘வந்து’, ‘வர’ போல வினை முடியாமல் நிற்கும் வினையெச்சத்தால் தொடுப்பதும், முன் வாக்கியத்தின் சொல்லை எடுத்து அடுத்ததைத் தொடங்கும் சொல்லெடுப்பும் தமிழில் வேரோடிய வழிகள்.

“மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படுகிறது. மேலும் அந்த நீர் கல்லணைக்கு வருகிறது. மேலும் அங்கே பிரிகிறது” என்று ஒரு மாணவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் செய்திகள் அல்ல. ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்பவை. ஆகவே இங்கே ‘மேலும்’ உறவையே தவறாகச் சொல்கிறது. இதையே எச்சத்தில் எழுதினால், “மேட்டூரில் திறக்கப்படும் நீர் முக்கொம்பைக் கடந்து, கல்லணையை அடைந்து, காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் எனப் பிரிகிறது” என்று நிகழ்வின் ஒழுங்கு வாக்கியத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஒரே எழுவாயின் தொடர்செயலைச் சொல்ல எச்சத்துக்கு ஈடில்லை என்பது என் கருத்து. எழுவாய் மாறினால் மட்டும் கவனம் தேவை: “நீர் வந்து உழவர்கள் நாற்று விட்டனர்” என்பது இடறும், “நீர் வர, உழவர்கள் நாற்று விட்டனர்” என்பது நிற்கும்.

சொல்லெடுப்பு இந்த மண்ணுக்குப் புதிதன்று. திருக்கடையூர் அம்மனைப் பாடும் அபிராமி அந்தாதியில் ஒரு பாடலின் முடிவே அடுத்ததன் தொடக்கம். உரைநடையில் வரிக்கு வரி அப்படிச் செய்தால் தாலாட்டுப் போல ஆகிவிடும். பத்திக்குப் பத்தி செய்தால் வலுவாக இருக்கும். ஒரு பத்தி, பாசன நீர் கடைசியாக வந்து சேரும் பகுதியைக் குறிக்கும் ‘கடைமடை’ என்ற சொல்லில் முடிந்து, அடுத்தது “கடைமடை உழவருக்கு” என்று தொடங்கினால், படிப்பவர் எங்கும் நின்று யோசிக்க வேண்டியதில்லை.

அப்படியானால் இணைப்புச் சொற்களைத் தள்ளிவிடலாமா? கூடாது. கருத்து திரும்பும் இடத்தில் அவற்றின் தேவை பெரிது. “அணை முழு மட்டமான 120 அடியை எட்டியும் கடைமடை வயல்கள் காய்ந்தன” என்னும் சிறு வாக்கியத்தில் ‘எட்டியும்’ என்பதன் உம்மையே அந்தத் திருப்பத்தைத் தாங்கிவிடுகிறது. ஆனால் அணை நிரம்பியதை நான்கு வாக்கியங்களில் விரித்துச் சொன்ன பிறகு ஓர் உம்மையால் அத்தனையையும் திருப்ப முடியாது. அங்கே ‘ஆயினும்’ வந்தே ஆகவேண்டும்.

என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்வது ‘எனவே’. “அணை 120 அடியை எட்டியது. எனவே அவ்வாண்டு விளைச்சல் பெருகியது” என்று படிக்கும்போது ஏதோ நிறுவப்பட்டதுபோல் தோன்றுகிறது. அணைக்கும் களத்துமேட்டுக்கும் இடையே ஆறுகளும் வாய்க்கால்களும் தூர்வாரப்பட்டிருக்க வேண்டும். முறை வைத்து விடும் நீர் கடைசி மடை வரை வர வேண்டும். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையில் வடிகால் அடைபட்டுச் சம்பா மூழ்காதிருக்க வேண்டும். இவை அனைத்தையும் மாணவர் தாண்டிவிட்டதை அந்த ஒரு சொல் மறைத்துவிடுகிறது. இடைச்சொற்கள் (‘எனவே’யும் அவற்றுள் ஒன்று) பெயரோடும் வினையோடும் சேர்ந்தே நடப்பவை, தமக்கென இயல்பு இல்லாதவை என்று தொல்காப்பியம் சொல்வதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். முன்னும் பின்னும் பொருள் இல்லாவிட்டால் ‘எனவே’ தானாக எதையும் கொண்டுவந்து தராது.

ஆகவே, திருத்தும்போது ‘எனவே’ வரும் இடங்களில் மட்டும் நான் ஓரத்தில் கோடிட்டு, இடையில் விடுபட்ட வாக்கியத்தை எழுதிவரச் சொல்கிறேன். அதை எழுதி முடித்தவர்களில் பலர், ‘எனவே’யைத் தாங்களே அடித்துவிட்டுக் கொண்டுவருகிறார்கள்.