அம்பாசடரில் எலெக்ட்ரானிக் இக்னிஷன்: நான்கு கோடைக்குப் பிறகு

"அண்ணாச்சி, பாயிண்டைத் தூக்கிட்டு எலெக்ட்ரானிக் போட்டிரலாமா?" கத்தரி தொடங்கினால் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. பாயிண்ட் என்பது காயிலின் கரண்டை வெட்டிவிட்டுப் பொறி வரவைக்கும் தொடுமுனை; எலெக்ட்ரானிக்கில் அந்த வேலையை மாட்யூல் என்ற மின்னணுப் பெட்டி செய்யும். திருநெல்வேலி வெயிலில் நான்கு கோடை ஓடிய என் மாட்யூலை வைத்துப் பதில் சொல்கிறேன்.

நல்லதை மறைக்க மாட்டேன். காலையில் அரைச் சுற்றில் ஸ்டார்ட். ஐடிலிங் அலையாது. பாயிண்ட் கருகாது, 0.4 மி.மீ. இடைவெளிக்கு ஃபீலர் கேஜோடு குனிய வேண்டாம்.

தொல்லை சூடுதான், அதுவும் வண்டியை நிறுத்திய பிறகு. மதியம் நாற்கரச் சாலையில் விரட்டிவந்து கயத்தாறில் டீக்கு நிறுத்தினால், ஃபேன் நின்றதும் எஞ்சின் சூடெல்லாம் பானெட்டுக்குள் தேங்கும். பத்துப் பதினைந்து நிமிடம் ஏறிக்கொண்டே இருக்கும். அப்போது சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. ஆறினால் தானாக ஓடும்.

பெட்ரோல் சூட்டில் ஆவியாகி அடைத்துக்கொண்டது என்று நினைத்து, உடனே எஞ்சினில் இருக்கும் பெட்ரோல் பம்பில் ஈரத்துணி சுற்றாதீர்கள். பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடு வயரை ரப்பர் பிடி போட்ட குறடால் பிடித்து, எஞ்சின் பிளாக்கிலிருந்து 6 மி.மீ. தள்ளி வைத்து ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள். வயரை அந்தரத்தில் விட்டால் மாட்யூல் போய்விடும். நீலமாக, சத்தத்தோடு பொறி விழுந்தால் கோளாறு பெட்ரோலில். மஞ்சளாக நூல்போல வந்தாலோ, வராமலே போனாலோ இக்னிஷனில்.

பொறிக்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தரும் காயிலையும் பாருங்கள். பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் தடை) இல்லாத வண்டிக்கு காயிலின் பிரைமரி சுற்று 3 ஓம் வேண்டும். 1.5 ஓம் காயிலும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். அதை பேலஸ்ட் ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டினால் இரட்டிப்புக் கரண்ட் இழுத்து, காயில் எண்ணெய் கசியும், மாட்யூல் வெந்துபோகும். அளவை ஆறிய காயிலில்தான் எடுக்க வேண்டும். 30 டிகிரியில் 3 ஓம் காட்டுவது 100 டிகிரியில் 3.8 ஓம் காட்டும். அது செம்பின் இயல்பு, கோளாறு இல்லை. ஆனால் சூட்டில் பொறி ஏன் மெலிகிறது என்பதற்கு அதுவும் காரணம். எஞ்சினை நிறுத்திவிட்டு சாவியை ஆனில் விடவே கூடாது. பாயிண்ட் வண்டியில் அது மூடிய நிலையில் நின்றிருந்தால் 4 ஆம்பியர், கிட்டத்தட்ட 50 வாட், அப்படியே காயிலுக்குள் சூடாக இறங்கும்.

இவ்வளவு சரியாக வைத்தும் மாட்யூல் சூட்டில் விழுகிறது, விழுமுன் ஒரு அறிகுறியும் காட்டுவதில்லை. பாயிண்டோடு சேர்ந்து வேலை செய்யும் கண்டன்சரும் சூட்டில் போகும்தான், மறுக்கவில்லை. ஆனால் பாயிண்ட் கருகுவதும் முக்கலும் முன்பே சொல்லிவிடும், ஒரு ஸ்க்ரூ டிரைவரில் பத்து நிமிட வேலை.

ஆகவே போட வேண்டாம். போட்டிருந்தால் கழற்றுங்கள். டேஷ்போர்டில் ஒரு செட் பாயிண்ட், 0.2 மைக்ரோஃபாரட் கண்டன்சர், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டர் ஒன்று வைத்திருங்கள். காயில் எஞ்சினோடு ஒட்டியிருந்தால் பக்கத்துத் தகட்டுக்கு மாற்றிவிடுங்கள்.