வேலூர் 1806: மாணவர் நாடகத்தின் முதல் மேடையேற்றம்

கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் வேலூர்க் கோட்டையில் எழுந்த வேலூர்ப் புரட்சியை நாடகமாக்குபவர்கள் பெரும்பாலும் கோட்டை மதிலில்தான் தொடங்குவார்கள். இந்தப் பல்கலைக்கழக நாடகக் குழு ஒரு தலைப்பாகையில் தொடங்குகிறது. அதுதான் சரியான இடம். நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைக் கட்ட வேண்டும் என்ற உத்தரவுகள்தான் 1806 ஜூலை 10 விடிவதற்கு முன் வெடித்தன. இது பசுத்தோலா, பன்றித்தோலா? ஒரு சிப்பாய் அதை முகர்ந்து பார்த்துவிட்டு அடுத்தவனிடம் நீட்டுகிறான். ஒரு வசனமும் இல்லாமல் பன்னிரண்டு பேர் கைமாறுகிறது. நாடகத்தின் உச்சம் இதுவே.

சண்டைக் காட்சிதான் சறுக்கல். அந்தக் காலத்துத் துப்பாக்கியில் தோட்டாத் தாளைப் பல்லால் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, கோலால் இடித்துத்தான் சுட முடியும். தேர்ந்த கைக்கே நிமிடத்துக்கு மூன்று வெடி. இங்கே ஒரே ஆள் பத்து வினாடியில் மூன்று முறை சுடுகிறான். ஆறு பேரை இரண்டிரண்டாக மூன்று வரிசையில் நிறுத்தி, ஒரு வரிசை சுடும்போது மற்றவை மருந்து இடித்தால் ஏழு வினாடிக்கு ஒரு வெடி கிடைக்கும். இடிக்கும் அந்த நேரமே பதற்றத்தைக் கூட்டும். வெடிச்சத்தம் அரங்கின் முன் ஸ்பீக்கரில் வருவதும் பொருந்தவில்லை. பின்திரைக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கர் வைத்தாலே போதும்.

காலர் மைக் குறுக்குவாரில் உரசி, இரண்டாம் பாதி முழுக்கக் கரகரத்தது. மைக்கைத் தலைப்பாகை விளிம்பில், நெற்றியோடு ஒட்டிப் பொருத்த வேண்டும். காட்சி மாற்றத்துக்கு ஒன்பது முறை இருட்டு, ஒவ்வொன்றும் நாற்பது வினாடி: மொத்தம் ஆறு நிமிடம் வீண். மதில் தட்டிகளுக்குச் சக்கரம் பூட்டினால் நடிகர்களே வெளிச்சத்தில் தள்ளிக்கொண்டு போய்விடலாம்.

புரட்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி, வார்களை முடிந்த கயிற்றைப் பிடித்து மதிலேறும் காட்சியை நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். எடையைத் தாங்குவது தட்டிக்குப் பின்னுள்ள இரும்பு ஏணி. கயிறு கண்ணுக்கு மட்டும். விளக்கை மட்டும் மார்புக்கு மேல் நிறுத்த வேண்டும், ஏணியில் கால் வைப்பது முன்வரிசைக்குத் தெரிகிறது. உடைகள் பருத்தியில், மினுக்கம் இல்லாமல் இருந்ததற்குத் தனிப் பாராட்டு.

தண்டனையைக் காட்டாமல், வெறுந்தரையில் தலைப்பாகைகளை வரிசையாக வைத்து முடிக்கிறார்கள். அழகுதான். ஆனால் அதன்பின் அந்தத் தலைப்பாகை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது, சென்னை ஆளுநர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். சிப்பாய்கள் எதற்காக எழுந்தார்களோ அது நடந்தது. அந்த ஒரு வரியை அடுத்த மேடையேற்றத்துக்குள் சேர்த்துவிடுங்கள்.