மூட்டு மாற்று: உடனேயா, பொறுத்தா?

காரைக்குடியில் எங்கள் அப்பத்தாவுக்கு முழங்கால் மூட்டு மாற்ற நாள் குறித்த பிறகுதான் டிஎஸ்எச் (தைராய்டு குறைவாகச் சுரந்தால் ரத்தத்தில் கூடும் ஹார்மோன்) ஏறியிருப்பது தெரிந்தது.

உடனே செய்தால் வலி சீக்கிரம் தீரும். திண்ணைப் படி ஏற முடியாமல் அவர் தவிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த அவசரம் புரியும். ஆனால் தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களுக்குச் செயற்கை மூட்டில் கிருமித்தொற்று வரும் வாய்ப்பு கூடுதல் என ஆய்வுகள் சொல்கின்றன. கிருமிகள் உலோகத்தின்மேல் படலமாக ஒட்டிக்கொண்டால் மருந்து மட்டும் பெரும்பாலும் போதாது. மறுபடி திறந்து கழுவ வேண்டும், சிலருக்கு வைத்த மூட்டையே எடுக்க வேண்டிவரும்.

பொறுத்தால்? தைராய்டு குறைவை ஈடுகட்டும் தைராக்சின் மாத்திரையின் அளவை மாற்றி 6 முதல் 8 வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்கலாம். மாத்திரை வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணியாவது முன்னால். அதற்குள் சர்க்கரை, சொத்தைப் பல்லையும் கவனித்துவிடலாம். லேசான ஏற்றமென்றால் தள்ளிப்போடத் தேவையிருக்காது, டாக்டரே சொல்வார். அப்பத்தாவுக்கு டிஎஸ்எச் மிக அதிகம். பொறுக்கத்தான் சொன்னேன்.