மிலான் அவே மேட்சுக்கு ‘பேக்கேஜ்’ வாங்கி வாசலோடு திரும்பினோம்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் அட்டவணை வெளியானதும் லண்டன் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்ற ஆரம்பிக்கும். அவே எண்ட் (ஸ்டேடியத்தில் வெளியூர் அணி ரசிகர்களுக்கு ஒதுக்கும் பகுதி) டிக்கெட் உறுதி, ஹோட்டலும் சேர்த்து ஒரே விலை, நம்ம ஆளுங்களுக்குத் தனி சலுகை. 2024 நவம்பர் 6 அன்று மிலானில் அந்த ஊர் அணி இன்டரும் எங்கள் லண்டன் அணி ஆர்சனலும் மோதிய ஆட்டத்துக்கு அப்படி ஒரு விளம்பரத்தை நம்பி நானும், என் மனைவியின் தம்பியும், அவனுடைய ஆபீஸில் வேலை பார்க்கும் மதுரைக்கார அண்ணன் ஒருவரும் ஆளுக்கு 640 பவுண்டு கட்டினோம். சான் சிரோ ஸ்டேடியத்தின் வாசல் வரை போனோம், உள்ளே போக முடியவில்லை. புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதை ஒன்று விடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் அதே ஆள் இந்த சீசனில் வேறொரு பெயரில் விளம்பரம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

முதலில் அவே டிக்கெட் யார் கைக்கு எப்படி வருகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். ஐரோப்பியக் கால்பந்தை நடத்தும் யூஃபா அமைப்பின் விதிப்படி வெளியூர் அணியின் ரசிகர்களுக்கு ஸ்டேடியத்தின் கொள்ளளவில் 5 சதவீத இடம் ஒதுக்க வேண்டும். சான் சிரோவில் சுமார் 75,000 பேர் உட்காரலாம் என்பதால் அங்கே மூவாயிரத்துக்கு மேல் டிக்கெட் வரும். 2025 ஜனவரியில் ஆர்சனல் ஆடிய ஜிரோனாவின் மொன்டிலிவி ஸ்டேடியத்தில் மொத்த இருக்கையே 14,000 சொச்சம்தான், அதாவது ஏறக்குறைய 700 டிக்கெட். இந்த டிக்கெட்டுகள் நேராக கிளப்புக்குப் போகும். கிளப் அதை வருஷக்கணக்காக அவே மேட்ச் போய்ப் புள்ளி சேர்த்து வைத்திருக்கும் உறுப்பினர்களுக்குத்தான் முதலில் கொடுக்கும். விலைக்கும் உச்சவரம்பு உண்டு. 2024-25 சீசனில் சாம்பியன்ஸ் லீக் அவே டிக்கெட்டுக்கு அதிகபட்சம் 60 யூரோ, 2025-26-இல் 50 யூரோ. ஆகவே கிளப் தானே பெயர் சொல்லி அறிவித்த பயண நிறுவனம் அல்லாத ஒருவர் “எங்களிடம் அவே எண்ட் கோட்டா இருக்கிறது” என்று சொன்னால் அவர் பொய் சொல்கிறார், அவ்வளவுதான். இங்கிலாந்தில் கால்பந்து டிக்கெட்டை அனுமதி இல்லாமல் விற்பதே 1994-ஆம் வருஷச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்படி குற்றம்.

எங்களிடம் பேசியவர் தமிழ்க்காரர். முதல் ஃபோனிலேயே அண்ணா, அண்ணா என்று அப்படி ஒரு பாசம். எந்த ஊர், யார் வீடு என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் விலைக்கே வந்தார். “இத்தாலியில சட்டம் அப்படி, டிக்கெட்ல பேர் போடணும், பாஸ்போர்ட் காப்பி அனுப்புங்க அண்ணா” என்றார். அது உண்மையும்கூட. இத்தாலியில் ஒவ்வொரு டிக்கெட்டும் ஒரு பெயரில்தான் வழங்கப்படும், கேட்டில் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். உண்மையான ஒரு விதியைச் சொல்லி நம்பிக்கையைச் சம்பாதித்துவிட்டு, மூன்று பேரின் பாஸ்போர்ட் காப்பியையும் வாங்கிக்கொண்டார். ஹோட்டல் “ஸ்டேடியம் பக்கத்துலயே, நடந்துடலாம்” என்றார். முன்பணம் 150 பவுண்டு, மிச்சம் 490. கார்டில் கட்டினால் 4 சதவீதம் கூடுதல் என்று சொல்லி, பேங்க் டிரான்ஸ்ஃபர் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். “முன்பணத்தையாவது கிரெடிட் கார்டுல போடுங்க” என்று என் மனைவி சொன்னதால் நான் மட்டும் 150-ஐ கார்டில் கட்டினேன். மற்ற இரண்டு பேரும் முழுப் பணத்தையும் பேங்க் வழியாகவே அனுப்பினார்கள். இந்த ஒரு வித்தியாசம் பின்னால் எவ்வளவு பெரிதானது என்று கீழே வருகிறது.

மச்சான் இந்த ஆட்டத்துக்கென்றே ஷெங்கன் விசா எடுத்தான். இந்தியப் பாஸ்போர்ட்டில் இங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு அது எவ்வளவு அலைச்சல் என்று தெரியும். 90 யூரோ கட்டணம், அதற்கு மேல் விசா மையத்தின் சேவைக் கட்டணம், அப்பாயின்ட்மென்ட்டுக்காக ராத்திரி முழுக்க வெப்சைட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. இதெல்லாம் அந்த 640-இல் சேராத செலவு. விமானமும் தனி.

மிலானில் இறங்கியதும் முதல் அடி ஹோட்டல். ஸ்டேடியத்துக்கு நடந்து போகும் தூரமாவது, மண்ணாவது. ரோ என்ற புறநகரையும் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில், மெட்ரோ எட்டாத இடத்தில் இருந்தது. சரி, டிக்கெட் வந்தால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டோம். டிக்கெட் காலையில் மெயிலில் வரும் என்றார்கள், வரவில்லை. மதியம் ஹோட்டலுக்கு ஆள் வருவார் என்றார்கள், யாரும் வரவில்லை. கடைசியில் சாயங்காலம் ஆறரை மணிக்கு லோட்டோ மெட்ரோ ஸ்டேஷன் வாசலுக்கு வரச் சொன்னார்கள். தொப்பி போட்ட ஒரு பையன் வந்து, நான்காக மடித்த மூன்று ஏ4 தாள்களைக் கையில் திணித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போய்விட்டான். தெருவிளக்கில் பிரித்துப் பார்த்தால் மூன்றிலும் மூன்று இத்தாலியப் பெயர்கள், பிறந்த தேதியோடு. இடம் அவே எண்ட் இல்லை, கீழ் அடுக்கில் இன்டர் ரசிகர்கள் உட்காரும் பகுதி. அச்சிட்டிருந்த விலை 75 யூரோ.

ஃபோன் போட்டேன். “அண்ணா, உங்க பேரெல்லாம் நீளம், சிஸ்டம் எடுக்கல, அதான் வேற பேர்ல போட்டோம், ஒண்ணும் ஆகாது, யாரும் பார்க்கமாட்டாங்க” என்றார். நம் பெயர்கள் நீளம்தான். அப்பா பெயர் குடும்பப் பெயராகி, இனிஷியல் விரிந்து, பாஸ்போர்ட்டில் இரண்டு வரி ஓடும்தான். அதை வைத்தே நம்மிடம் ஒருவன் பொய் சொல்லி வயிறு வளர்க்கிறான் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. டிக்கெட் வாங்குவதற்கு முன்பே எங்கள் பாஸ்போர்ட் அவரிடம் இருந்தது. பெயர் நீளம் என்றால் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே.

அடையாளச் சோதனை கேட்டுக்கு வெளியிலேயே, முதல் பாதுகாப்பு வளையத்தில் நடந்தது. அங்கிருந்த பெண் ஊழியர் தாளைப் பார்த்தார், மச்சானின் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். கோபப்படவில்லை. இன்னொருவரைக் கூப்பிட்டார். அவருக்கு ஆங்கிலம் வந்தது. பெயர் பொருந்தவில்லை, பெயர் மாற்றம் செய்வதென்றால் டிக்கெட் வாங்கியவர்தான் செய்ய வேண்டும், நீங்கள் உள்ளே போக முடியாது என்று தெளிவாகச் சொன்னார். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, அவர்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். மதுரை அண்ணன் அதுவரை ஒரு ஆர்சனல் ஆட்டத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. கழுத்தில் புது ஸ்கார்ஃப். எதுவும் பேசாமல் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “வாங்க தம்பி, எங்கயாச்சும் டிவில பார்ப்போம்” என்றார். பக்கத்திலேயே ஒரு பாரில் நின்றுகொண்டு பார்த்தோம். முதல் பாதி முடியும் நேரத்தில் இன்டரின் சால்ஹானோலு பெனால்டியில் கோல் போட்டபோது ஸ்டேடியத்தின் சத்தம் திரைக்கு முன்னாலேயே எங்கள் காதுக்கு வந்துவிட்டது. 1-0, தோல்வி.

மற்ற ஊர்களோடு ஒப்பிட்டால்தான் இதில் எது ஊரின் குணம், எது ஏமாற்று வேலை என்று புரியும். ஆர்சனல் சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கில் ஆடிய நாட்களில் அவே டிக்கெட்டுக்கு இவ்வளவு அடிதடி இல்லை, எங்கள் புள்ளிக்கே கிடைத்தது. 2022 அக்டோபரில் நெதர்லாந்தின் ஐந்தோவன். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், ஸ்டேடியம் ஊருக்கு நடுவில் நிற்கிறது. ஆட்டம் 2-0 என்று தோற்றாலும் ஊர் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. 2023 மார்ச்சில் லிஸ்பன், 2-2. காம்போ கிராண்டே மெட்ரோவில் இறங்கினால் ஸ்போர்ட்டிங் ஸ்டேடியம் எதிரிலேயே. வெளியே வண்டிக்கடைகளில் பன்றி இறைச்சி வைத்த சூடான பிஃபானா பன் கிடைக்கும், உள்ளூர் ரசிகர்கள் வழி காட்டியே கூட்டிப் போனார்கள். நான் பார்த்ததில் அவே மேட்சுக்கு லிஸ்பனை அடித்துக்கொள்ள ஊர் இல்லை. அந்த இரண்டு ஊரிலும் கிளப் கொடுத்த டிக்கெட் கையில் இருந்ததால் எந்தச் சிக்கலும் வரவில்லை.

அந்த சீசனின் தொடக்கத்தில் சூரிக் ஆட்டம் சூரிக்கில் நடக்கவே இல்லை, ஒரு மணி நேர ரயில் பயணத்தில் இருக்கும் செயின்ட் காலனில் நடந்தது. சூரிக் ஹோட்டலை “ஸ்டேடியம் அருகில்” என்று விற்றவர்கள் அப்போதே இருந்தார்கள். பிரான்சில் லான்ஸ் என்றால் வேறு கதை. ஊரின் மக்கள்தொகையைவிட ஸ்டேடியத்தின் இருக்கைகள் அதிகம், தங்க அறை கிடைக்காது, பெரும்பாலோர் லீலில் தங்கி ரயிலில் வருவார்கள். அங்கே “லான்ஸ் சிட்டி சென்டர் ஹோட்டல்” என்று யாராவது பேக்கேஜ் விற்றால் ஒன்றுக்கு இரண்டு முறை விசாரியுங்கள். இத்தாலியைப் பொறுத்தவரை ரோம், நேப்பிள்ஸ் இரண்டுமே வெளியூர் ரசிகர்களைத் தனியாக ஓரிடத்தில் சேர்த்து, போலீஸ் காவலோடு பஸ்ஸில் ஸ்டேடியத்துக்குக் கொண்டுபோகும் ஊர்கள். ரோமில் வில்லா போர்கேசே பக்கம், நேப்பிள்ஸில் துறைமுகத்துப் பக்கம். நம்மிடம் உள்ளூர் ரசிகர் பகுதியின் டிக்கெட்டைத் தள்ளிவிட்டால் அந்தப் பஸ்ஸிலும் ஏற முடியாது, ஆர்சனல் ஜெர்சியோடு எதிரணிக் கூட்டத்தில் போய் உட்காரவும் முடியாது. பணம் போவதைவிட இது பெரிய ஆபத்து, இதை அந்த ஏஜென்ட்டுகள் யாரும் வாயே திறந்து சொல்லமாட்டார்கள்.

ஊர் திரும்பியதும் அந்த ஏஜென்ட்டிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “ஆட்டம் நடந்தது, டிக்கெட் அசல்தான், நீங்கள் உள்ளே போகாததற்கு நாங்கள் பொறுப்பில்லை” என்று ஒரே வரியில் பதில் வந்தது. அப்புறம் நம்பரை பிளாக் செய்துவிட்டார். என் கார்டு கம்பெனிக்கு எழுதினேன். இங்கே 1974-ஆம் வருஷ நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள ஒன்றை வாங்கும்போது, அதில் ஒரு பகுதியை மட்டும் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலும் முழுத் தொகைக்கும் கார்டு கம்பெனி பொறுப்பேற்க வேண்டும். முதலில் முன்பணம் 150-ஐ மட்டும் தருகிறோம் என்றார்கள். சட்டத்தை மேற்கோள் காட்டி மறுபடியும் எழுத்தில் புகார் கொடுத்ததும், தங்கிய ஹோட்டலுக்கு 120 கழித்துக்கொண்டு 520 பவுண்டு திருப்பிக் கொடுத்தார்கள். டெபிட் கார்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அதில் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது, கேட்கலாம்.

மச்சானுக்கும் அண்ணனுக்கும் இன்னும் ஒரு பைசா வரவில்லை. 2024 அக்டோபர் 7 முதல் பிரிட்டனில் புது விதி வந்திருக்கிறது. ஏமாற்றப்பட்டு பிரிட்டனுக்குள் பேங்க் டிரான்ஸ்ஃபர் செய்தவர்களுக்கு வங்கி 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும், அதில் 100 பவுண்டு வரை கழித்துக்கொள்ளலாம். அவர்கள் பணம் அனுப்பியது அந்தத் தேதிக்குப் பிறகுதான். ஆனால் ஹோட்டல் கொடுத்திருப்பதால் இது மோசடி இல்லை, வாங்கியவருக்கும் விற்றவருக்கும் உள்ள தகராறு என்று வங்கி கையை விரித்துவிட்டது. அந்த ஹோட்டல் அறை எதற்காகச் சேர்க்கப்பட்டது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இப்போது வங்கிகள் மேலான புகார்களை விசாரிக்கும் நிதி ஆம்பட்ஸ்மனிடம் புகார் போயிருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை, வங்கியின் இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

இதே ஆளிடம் யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால், பேசுவதை நிறுத்திவிட்டு முதலில் வங்கியைக் கூப்பிடுங்கள். பணம் அனுப்பிய நாளிலிருந்து 13 மாதத்துக்குள் கேட்டாக வேண்டும். கேட்கும்போது “சேவை சரியில்லை” என்று சொல்லாதீர்கள். “அவே எண்ட் டிக்கெட் என்று பொய் சொல்லிப் பணம் வாங்கினார்” என்று சொல்லுங்கள், விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட்டையும் சேர்த்துக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் மறையும் செய்திகளை அவர் போட்டு வைத்திருப்பார், அதனால் இன்றைக்கே எல்லாவற்றையும் படம் எடுத்துவிடுங்கள். இனிமேல் யாருக்காவது பாஸ்போர்ட் காப்பி அனுப்புவதென்றால் எதற்கு, யாருக்கு, என்ன தேதி என்று குறுக்கே எழுதி அனுப்புங்கள். எங்கள் மூன்று பேரின் காப்பியும் இன்றுவரை அவரிடம்தான் இருக்கிறது. எங்களிடம் உள்ள செய்திகள், ரசீது, அந்த மூன்று தாள்களின் படம் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. உங்கள் புகாருக்கு உதவும் என்றால் தனிச்செய்தி அனுப்புங்கள், பெயர்களை மறைத்துத் தருகிறேன். ஆம்பட்ஸ்மன் பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.