42 வயதில் ஜிம்மில் சேர்ந்தேன்: 16 மாத அனுபவம்

அரிசிச் சிப்பத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. 25 கிலோ. கடைக்காரர் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். சமையலறைக்குக் கொண்டுபோக, மகன் டியூஷன் முடிந்து வரும்வரை காத்திருப்பேன். அதே மாதம் ஒருநாள் அம்மா தரையில் உட்கார்ந்து பூத்தொடுத்துவிட்டு, கட்டில் காலைப் பிடித்து இரண்டு முறை முயன்று எழுந்ததைப் பார்த்தேன். அம்மாவுக்கு 68, எனக்கு அப்போது 42. முப்பதைத் தாண்டினால் தசை மெல்ல மெல்லக் கரையத் தொடங்கும், எடை தூக்கிப் பழகினால் அதைப் பெருமளவு பிடித்து நிறுத்தலாம் என்று படித்திருந்தேன். மறுவாரமே பக்கத்துத் தெரு ஜிம்மில் சேர்ந்துவிட்டேன்.

முதல் இரண்டு மாதம் வீணாகத்தான் போனது. திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள் என்று ஆறு நாள் அட்டவணை, வருகிற எல்லாருக்கும் ஒன்றுதான். ஒரு நாளைக்கு எட்டு மெஷின். வியர்த்தது, உடம்பெல்லாம் வலித்தது. ஆனால் போன வாரம் எவ்வளவு தூக்கினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆபீஸும் வீடும் பார்க்கிறவளுக்கு வாரம் ஆறு நாள் ஆகிற காரியமும் இல்லை. புதன்கிழமை போக முடியவில்லை என்றால் தோளுக்கு அந்த வாரம் ஒன்றுமே கிடையாது.

அப்புறம் காலை நேரத்துக்கு மாறினேன். அங்கே இருந்த பயிற்சியாளர் தம்பி ஒரு வாரம் என்னைக் கவனித்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, அஞ்சே அஞ்சு பயிற்சி போதும். வாரத்துல மூணு நாள் வாங்க. ஒரு நோட்டு மட்டும் வாங்கிக்குங்க."

ஒரு நாள் ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்துக் கம்பியை மேலே தள்ளுவது), ரோ (குனிந்து நின்று கம்பியை வயிற்றை நோக்கி இழுப்பது). அடுத்த நாள் ஸ்குவாட், ஷோல்டர் பிரஸ் (தோளிலிருந்து தலைக்கு மேல் தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் கம்பியைத் தூக்கி நிமிர்வது). திங்கள், புதன், வெள்ளி என்று இரண்டும் மாறி மாறி வரும். எல்லாம் 3 செட், செட்டுக்கு 5 முறை. டெட்லிஃப்ட் மட்டும் ஒரே செட். எல்லாம் சுத்தமாக முடிந்தால் அடுத்த தடவை பக்கத்துக்கு 2.5 கிலோ கூட்டலாம், இல்லையென்றால் அதே எடை. 45 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

ஸ்குவாட்டுக்கு வெறும் கம்பியே 20 கிலோ. அதற்கு முன்னால் மூன்று வாரம் பெஞ்சில் உட்கார்ந்து எழுவதுதான் பயிற்சி. பிறகு 5 கிலோ டம்பெல்லை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பிறகு 10 கிலோ. வீட்டில் செய்து காட்டியபோது அம்மா, "இது பஸ்கிதானே? எங்கப்பா விடியக்காலையில எந்திரிச்சு நூறு போடுவாரு" என்றார். கம்பியைத் தோளில் ஏற்றிய முதல் நாள் என் முட்டிகள் உள்பக்கம் சாய்ந்தன. "முட்டியை வெளிய தள்ளுங்கக்கா" என்ற அந்த ஒரு வாக்கியத்தை மாதக்கணக்கில் கேட்டிருப்பேன்.

டெட்லிஃப்டில் ஒரு நுணுக்கம் உண்டு. கம்பியின் இரண்டு முனையிலும் மாட்டுகிற எடைத் தட்டு பெரிதாக இருந்தால் கம்பி கெண்டைக்கால் நடுவில் வந்து நிற்கும். புதிதாக வருகிறவர்கள் போடுகிற 2.5 கிலோ தட்டு சின்னது. கம்பி கணுக்கால் வரை இறங்கிவிடும், அதை எட்டிப் பிடிப்பதற்குள் முதுகு வளைந்துவிடும். அந்தத் தம்பி இரண்டு பக்கமும் பெரிய தட்டுகளைத் தரையில் படுக்கவைத்து, அவற்றின் மேல் கம்பியை ஏற்றிக் கொடுத்தார். ஐந்து நிமிட வேலைதான். நல்ல பயிற்சியாளர் யார் என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

எடை முதலில் மளமளவென்று கூடியது. கை கால் அளவில் மாற்றமே இல்லை, தூக்கும் எடை மட்டும் ஏறியது. இருக்கிற தசையை முழுசாக வேலை வாங்க நரம்பு மண்டலம் முதலில் கற்றுக்கொள்கிறது, தசை வளர்வது அதற்குப் பிறகுதான். ஆறாம் மாதத்துக்குமேல் வேகம் குறைந்தது. ஷோல்டர் பிரஸ்தான் ரொம்பச் சோதித்தது. அங்கே இருந்ததிலேயே சின்னத் தட்டு 2.5 கிலோ, ஜோடியாகப் போட்டால் 20-லிருந்து நேரே 25-க்குத் தாவ வேண்டும். இரண்டு மாதம் அப்படியே நின்றேன். பிறகு 1.25 கிலோ தட்டு ஒரு ஜோடி சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். இந்த 16 மாதத்தில் நான் செய்த உருப்படியான செலவு அதுதான்.

ஒரு தடவை அடிபட்டது. ஊர்த் திருவிழாவுக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தேன். வந்த அன்றே நோட்டில் இருந்த பழைய எடையைப் போட்டு டெட்லிஃப்ட் எடுத்தேன். மூன்றாவது தடவை கீழ்முதுகில் சுருக்கென்றது. மூன்று வாரம் குனியவே பயந்தேன். இப்போதெல்லாம் ஒரு வாரத்துக்குமேல் விட்டுப்போனால் ஐந்தில் ஒரு பங்கு எடையைக் குறைத்துத்தான் தொடங்குகிறேன்.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் எதுவும் செய்யவில்லை. ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) பரிந்துரைக்கிறது. என் 61 கிலோவுக்குச் சுமார் 50 கிராம். எடை தூக்குகிறவர்களுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். மூன்று இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசை என்று கணக்குப் போட்டால் அந்த 50-கூட எட்டவில்லை. காலையில் இரண்டு முட்டை, சாயங்காலம் கொண்டைக்கடலைச் சுண்டல், சோற்றைக் கொஞ்சம் குறைத்துப் பருப்பையும் தயிரையும் கூட்டினேன். சேர்ந்த முதல் நாளே புரத மாவு டப்பா வாங்கச் சொன்னார்கள், நான் வாங்கவில்லை. அது கெடுதல் என்று சொல்லமாட்டேன், எனக்குத் தேவைப்படவில்லை.

உடம்பு இளைக்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். 16 மாதத்தில் என் எடை ஒன்றரைக் கிலோதான் குறைந்தது. ஆனால் பழைய ஜாக்கெட்டுகள் இடுப்பில் தளர்ந்து, கையில் இறுகிவிட்டன. ஸ்குவாட் 50 கிலோ, டெட்லிஃப்ட் 65, பெஞ்ச் 30, ஷோல்டர் பிரஸ் 22.5. சிப்பத்தை இப்போது நானே தூக்கிப்போய் வைக்கிறேன்.

நாற்பது பக்க நோட்டு போன வாரம் தீர்ந்தது. புதிதாக இரண்டு வாங்கினேன். ஒன்று எனக்கு. இன்னொன்றில் அம்மா பேர் எழுதியிருக்கிறது: நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, 2 செட், 5 முறை.