15 நிமிடமா, 30 பக்கமா, 3 நிமிடமா? மானுடவியல் ஆய்வு மாணவர் எங்கே பேசுவது?

களப்பணி முடித்துத் திரும்பும் மானுடவியல் ஆய்வு மாணவரிடம் மூட்டை மூட்டையாகக் குறிப்புகள் இருக்கும். வாதம் என்று ஒன்று இருக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் நெறியாளர் "எங்காவது பேசுங்களேன்" என்பார். அமெரிக்காவில் படிப்பவர் முன் பெரும்பாலும் மூன்று மேடைகள் இருக்கின்றன: அமெரிக்க மானுடவியல் சங்கத்தின் ஆண்டு மாநாடு, சொந்தத் துறையின் பட்டறை, மூன்று நிமிட ஆய்வேட்டுப் போட்டி. மூன்றும் ஒரே வேலைக்கானவை என்று நினைத்துப் பணத்தைத் தொலைத்தவர்களில் நானும் ஒருவன்.

மாநாட்டைப் பார்ப்போம். சங்கம் 1902இல் தொடங்கியது. மாநாடு பெரும்பாலும் நவம்பரில், ஆண்டுக்கொரு நகரத்தில் நடக்கும்: 2023இல் டொராண்டோ, 2024இல் டாம்பா. கட்டுரைக்கு வழக்கமாக 15 நிமிடம். மற்ற பல துறையினர் படவில்லைகளைக் காட்டிப் பேசுவார்கள். மானுடவியலார் எழுதிவந்ததை வாசிப்பார்கள். இரட்டை இடைவெளியில் அச்சிட்ட ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்பது பழைய கணக்கு. அதன்படி ஏழு பக்கம், மிஞ்சினால் எட்டு. முதல் முறை நான் 11 பக்கம் கொண்டுபோனேன். ஆறாம் பக்கத்தில் இருக்கும்போதே 'ஒரு நிமிடம்' என்று எழுதிய துண்டுச் சீட்டு வந்துவிட்டது. என் வாதமோ பத்தாம் பக்கத்தில் இருந்தது.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஆய்வுச் சுருக்கத்தைப் பல மாதங்களுக்கு முன்பே அனுப்பியாக வேண்டும். இன்னும் கண்டுபிடிக்காத முடிவைக் கண்டுபிடித்ததாக அதில் எழுதிவிட்டு, நவம்பருக்குள் அதை எட்டிப்பிடிக்க ஓட வேண்டும். காலை எட்டு மணி அமர்வு கிடைத்தால், கேட்பவர்களைவிட வாசிப்பவர்களே அதிகமாக இருக்கவும் கூடும். கேள்வி நேரம் எல்லோருக்கும் பொது. உங்கள் கட்டுரைக்கு ஒரு கேள்விகூட வராமல் போகலாம்.

பிறகு எதற்குப் போவது? தாழ்வாரத்துக்காக. புத்தக அரங்கில் பதிப்பகத்தார் நிற்பார்கள். உங்களோடு வாசித்த மூவரில் ஒருவர் பின்னாளில் ஓர் ஆய்விதழின் சிறப்பிதழுக்கு உங்களை அழைக்கலாம். முன்பு வேலைக்கான முதல் கட்ட நேர்காணல்கள்கூட அங்கேயே நடந்தன; இப்போது அவை பெரும்பாலும் காணொளிக்குப் போய்விட்டன. மாநாட்டுச் செலவை நியாயப்படுத்தி வந்த காரணங்களில் ஒன்று குறைந்தது.

என் ஓட்டு துறைப் பட்டறைக்கே. சிகாகோ பல்கலைக்கழகம் இந்த வடிவத்துக்குப் பேர்போனது. இருபத்தைந்து, முப்பது பக்கக் கட்டுரையை முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். எழுதியவர் அதை வாசிப்பதில்லை. வேறொரு மாணவர் முதலில் கருத்துச் சொல்வார். மீதி நேரம் முழுக்கக் கேள்விகள். களப்பணி முறையின் முன்னோடிகளில் ஒருவரான மலினோவ்ஸ்கி லண்டன் பொருளியல் பள்ளியில் நடத்திய கருத்தரங்கத்துக்கு இது தூரத்து உறவு.

பட்டறையில் மேற்கோளும் விளக்கமும் ஒரே பக்கத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். "ஊரார் இப்படி நம்புகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சொன்னது யார்? யாரிடம், எப்போது?" 15 நிமிட வாசிப்பில் இந்தக் கேள்வி எழவே எழாது, குரலின் ஓட்டத்தில் அந்த வரி தப்பித்துவிடும். பட்டறையில் தப்பாது. களக்குறிப்பைத் திரும்பப் புரட்டினால் 'ஊரார்' என்பது இரண்டு பேர் என்று தெரியவரும். அந்த அவமானம் ஆய்வேட்டைக் காப்பாற்றும்.

குறை இல்லாமல் இல்லை. வாராவாரம் அதே முகங்கள். பேராசிரியர்களுக்குள் பழைய பகை இருந்தால் உங்கள் கட்டுரை அவர்களுக்குக் களமாகிவிடும்.

மூன்று நிமிடப் போட்டியின் பிறப்புக் கதை சுவையானது. 2008இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் இதைத் தொடங்கியது. அப்போது அங்கே கடும் வறட்சி. குளியலை அளந்து முடிக்க, முட்டை வேகவைக்கும் மூன்று நிமிட மணற்கடிகாரத்தைப் பலர் குளியலறைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். யோசனை அங்கிருந்து வந்தது. அசையாத படவில்லை ஒன்றே ஒன்று. கையில் எந்தப் பொருளும் கூடாது. மூன்று நிமிடம் தாண்டினால் தகுதியிழப்பு.

ஆய்வகத்தில் வேலை செய்பவருக்கு இது பொருந்தலாம். மக்களோடு நெடுநாள் பழகி அவர்கள் வாழ்வை எழுதும் இனவரைவியலைக் குளியல் நேரத்துக்குள் அடக்கினால், பரிதாபத்துக்குரிய ஊர் ஒன்றும் அதைக் கண்டுபிடித்த ஆய்வாளர் ஒருவருமே மிஞ்சுவார்கள். ஆனாலும் நிதி விண்ணப்பம் எழுதும் பருவத்தில் இந்தப் பயிற்சி வீண்போகாது. வென்னர்-கிரென் அறக்கட்டளையின் 25,000 டாலர் வரையிலான களப்பணி நிதிக்கு எழுதும்போது, உங்கள் ஊரையே அறியாதவருக்கு நாலு வரியில் விஷயத்தைப் புரியவைக்க வேண்டியிருக்கும்.

மாநாடுகளில் ஆய்வைச் சுவரொட்டியாக ஒட்டிவைத்து, வருபவர்களுக்கு அருகில் நின்று விளக்கும் சுவரொட்டி அமர்வும் உண்டு. அது தொல்லியலாருக்கும் உடல்சார் மானுடவியலாருக்கும் நல்லது. உரையாடல்களையே சான்றாகக் கொண்டவருக்கு அதில் ஒட்ட அதிகம் இராது. எந்த மேடையானாலும், களத்து மனிதர்களின் முகம் தெரியும் படத்தைத் திரையில் போடுமுன் யோசியுங்கள். கேட்பவர்கள் கைபேசியில் திரையைப் படமெடுக்கிறார்கள். உங்களுக்குப் படம் தர ஒப்புக்கொண்டவர் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை.

களத்திலிருந்து திரும்பிய முதல் ஆண்டில் பட்டறை. அங்கே அடிவாங்கித் தேறிய ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு அடுத்த ஆண்டு மாநாடு. இப்படித்தான் இப்போது என்னைக் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். தெற்காசியாவில் களப்பணி செய்தவராக இருந்தால், பெரிய மாநாட்டுக்கு முன் விஸ்கான்சினின் மேடிசன் நகரில் அக்டோபரில் நடக்கும் தெற்காசிய மாநாட்டுக்கு விண்ணப்பியுங்கள். தாலுகா என்றால் என்ன என்று விளக்கவே 15இல் இரண்டு நிமிடத்தை அங்கே இழக்க வேண்டியிராது.