நீர்மட்டக் கண்ணாடிக்கு எந்தக் குழாய்? பாவித்தவனின் பதில்

கல்முனைக் கூட்டாளி ஒருவன் கேட்டிருந்தான்: "மச்சான், உன்ர கோச்சிக்குப் போட்ட கண்ணாடி இன்னும் நிக்குதா? எங்க எடுத்தாய்? எனக்கு 3 மில்லிமீற்றர்தான் வேணும்."

அவன் கேட்டது என் சின்ன நிலக்கரிக் கோச்சியின் கொதிகலனில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாயைப் பற்றி. நிற்கிறது, நன்றாகவே நிற்கிறது. ஆனால் அந்த 3 மில்லிமீற்றரைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னுடையது மூன்றரை அங்குல அகலத் தண்டவாளத்தில் ஓடும் மாதிரி நிலக்கரி இயந்திரம். சதுர அங்குலத்துக்கு 80 இறாத்தல் அழுத்தம் என்றால் கொதிகலனுக்குள் தண்ணீர் 160 பாகை செல்சியஸைத் தாண்டி நிற்கும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் விளக்கில் காட்டி வளைக்கிறோமே, அந்தச் சாதாரண சோடாக் கண்ணாடி இதற்குச் சரிவராது. போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கொஞ்ச நாளில் உட்பக்கம் பால்போல மங்கும், தண்ணீரும் ஆவியும் சந்திக்கும் இடத்தில் கண்ணாடி அரித்து மெலியும். பிறகு ஒருநாள் மழைத்துளி பட்டாலே போதும், வெடித்துவிடும். வேண்டியது போரோசிலிக்கேற் கண்ணாடி. சூட்டில் அது விரிவது சோடாக் கண்ணாடி விரிவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

மட்டக்களப்பில் அதைத் தேடி அலைய வேண்டாம். பரிசோதனைக் குழாய், முகவை எல்லாம் கிடைக்கும், மெல்லிய வெறுங்குழாய் கிடைக்காது. கொழும்புக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒரு கடையில் 'போரோ' என்று சொல்லித் தந்தது சோடாக் கண்ணாடி. கடைக்காரர் தெரிந்தே ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். பெட்டியில் எழுதியிருந்ததைத்தான் அவரும் சொன்னார். ஆனால் கொதிகலனுக்குப் போடப் போகிறேன் என்று விளக்கிச் சொன்ன பிறகும் "எல்லாம் ஒண்டுதான்" என்று ஒருவர் சொன்னால் கோபம் வராமல் என்ன செய்யும்?

அதைக் கண்டுபிடித்த விதம்தான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. பாமசியில் ஒரு சின்னப் போத்தல் கிளிசரின் வாங்குங்கள். தெளிந்த கண்ணாடிக் குவளையில் ஊற்றி, குழாய்த் துண்டை உள்ளேயும் கிளிசரின் நிரம்பும்படி அமிழ்த்துங்கள். போரோசிலிக்கேற் என்றால் அமிழ்ந்த பகுதி கண்ணுக்கே தெரியாது! வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாதி மட்டும் அந்தரத்தில் நிற்கும். இரண்டிலும் ஒளி முறியும் அளவு கிட்டத்தட்ட ஒன்று, 1.47. சோடாக் கண்ணாடிக்கு அது 1.52 அளவில் இருப்பதால் அதன் விளிம்பு கோடாகத் தெரியும். எத்தனை தடவை செய்தாலும் எனக்கு அலுக்கவில்லை. இப்போது கடைக்குப் போத்தலும் கையுமாகத்தான் போவது.

நல்ல குழாய் ஒன்றரை மீற்றர் நீளத்தில் வரும். நமக்கு வேண்டியதோ விரல் நீளம். வெட்டித் தர மாட்டார்கள், முழுதாக வாங்கத்தான் வேண்டும். வயர் இழுக்கும் பிவிசி குழாய்க்குள் பஞ்சு அடைத்து, உதயதேவி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே கொண்டுவந்தேன். கூரியரை நம்பாதீர்கள்.

வெட்டுவதற்குப் புது முக்கோண அரம் வேண்டும். விளிம்பை நனைத்து ஒரே இழுப்பு, அராவக் கூடாது. துணியைச் சுற்றி, கீறலுக்கு எதிர்ப்பக்கம் இரு பெருவிரல்களையும் வைத்து, இழுத்தபடியே மெல்ல வளைத்தால் டக்கென்று நேராக முறியும். முனையை ஈர எமரித் தாளில் தேய்த்தால் போதும். பொருத்தும்போது கசிவைத் தடுக்கும் சிலிக்கன் வளையமான ஓ-ரிங்கை விரலால் இறுக்கும் அளவுக்குமேல் இறுக்காதீர்கள். கூடினால் ரிங் பிதுங்கிக் குழாயின் வாயை அடைத்துவிடும். இங்கே பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் வெள்ளை படிய வைக்கும், அதனால் மாரியில் பிடித்த மழைத்தண்ணீர்தான் என் கொதிகலனுக்கு. இப்படிப் பார்த்துக்கொண்டதில் கண்ணாடி இன்றைக்கும் புதிதுபோல இருக்கிறது.

சரி, இனி எரிச்சலுக்கு வருகிறேன். இயந்திரத்தோடு வந்த பொருத்துகள் வெளிவிட்டம் 4 மில்லிமீற்றர் உள்ள குழாய்க்கானவை. உள் துளை இரண்டரையை எட்டாது. அவ்வளவு ஒடுங்கிய குழாயில் தண்ணீர் தானாகவே மேலே ஏறி நிற்கும். குளிர்ந்திருக்கும்போது 12 மில்லிமீற்றர் வரை, சூட்டில் கொஞ்சம் குறையும். கண்ணாடியில் தெரியும் பகுதியே ஓர் அங்குலம்தான்! அரைக் கண்ணாடி என்று நம்பி நிற்கும்போது எப்போதும் தண்ணீர் மூடியிருக்க வேண்டிய நெருப்புப் பெட்டியின் மேல்தகட்டுக்கு மேல் தண்ணீர் எவ்வளவு இருக்கிறதோ தெரியாது. குறைத்துக் காட்டினால் பொறுத்துக்கொள்ளலாம், இது கூட்டியல்லவா காட்டுகிறது! போதாததற்கு நடுவில் ஒரு குமிழ் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றுக்கும் வடிகுழாயைத் திறந்து ஊதிப் பார்க்க வேண்டும். போன வருடம் லேத்தில் 6 மில்லிமீற்றருக்குப் புதுப் பொருத்துகள் கடைவித்துப் போட்டேன். அதிலும் சற்று ஏறத்தான் செய்கிறது. ஆனால் பழையதோடு பார்த்தால் பாதியளவுதான், குமிழும் நிற்பதில்லை. இயந்திரத்தின் அளவுக்குக் கண்ணாடி பெரிதாகத் தெரிகிறது என்கிறார்கள். தெரியட்டும்.

ஆகவே மச்சான், குழாய் அருமையானது, காசுக்கு மேலான பொருள். உனக்கு அது வேண்டாம். 3 மில்லிமீற்றர் பொருத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நல்ல கண்ணாடி போட்டும் பிரயோசனமில்லை. முதலில் 6க்குக் கடைவித்துக்கொண்டு வா. என்னிடம் மிச்சமிருக்கும் நீளத்தில் உனக்கு வேண்டிய அளவு வெட்டித் தருகிறேன், காசு வேண்டாம்.